ஊழியப் படைக்குப் புறத்தே நிற்போர்: தொழிலுக்கு மீள அழைக்கும் கொள்கை வழிகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் தொழில் நிலையை அளக்கப் புகுவோர் முதலில் நோக்குவது வேலையின்மை வீதத்தையே. அது குறையுமிடத்து ஆட்சியாளர் பெருமை கொள்வதும், கூடுமிடத்து எதிர்த்தரப்பினர் குறை கூறுவதும் வழக்கம். ஆயின் அவ்வீதம் தன்னுள் அடக்காது விட்டுவிடும் ஒரு பெருந்தொகையினர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் தொழில் செய்வோருமல்லர், தொழில் தேடுவோருமல்லர். புள்ளிவிபரவியலார் இவர்களை ‘ஊழியப் படைக்கு வெளியே உள்ளோர்’ என வகுத்து ஒதுக்கிவிடுகின்றனர். இவர்களைத் தொழிலுக்கு மீள அழைத்துவரப் பல நாடுகள் கடந்த அரை நூற்றாண்டில் மேற்கொண்ட வழிகள் யாவை, அவற்றுள் எவை பயன் தந்தன, எவை தீங்கு விளைத்தன, எமது நாட்டுக்கு அவற்றினின்றும் பெறத்தக்க பாடம் யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைவிலக்கணமும் அதன் மறைவிடமும்

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் ஊழியப் படை அளவீடு பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையோரை மூன்று பிரிவினராக வகுக்கின்றது. குறித்த வாரத்தில் ஒரு மணி நேரமாயினும் ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ குடும்பத் தொழிலிலோ உழைத்தவர் தொழில் செய்வோர். தொழிலின்றி, அதனைத் தேடி, கிடைப்பின் ஏற்க ஆயத்தமாயிருப்பவர் தொழிலற்றோர். இவ்விரு சாராரும் சேர்ந்தே ஊழியப் படையாகின்றனர். எஞ்சியோர் அனைவரும் மூன்றாம் பிரிவினர். வேலையின்மை வீதமோ ஊழியப் படையினுள் தொழிலற்றோரின் பங்கினை மாத்திரமே காட்டுவது. ஆகவே, தேடிச் சலித்த ஒருவர் தேடுவதையே கைவிட்டால் அவர் தொழிலற்றோர் பிரிவினின்றும் நீங்கிவிடுகிறார். வேலையின்மை வீதமும் குறைந்துவிடுகிறது. நிலைமை தாழ்ந்திருக்க எண் உயர்வைக் காட்டும் விந்தை இங்ஙனமே நிகழ்கின்றது.

இதனை எமது நாட்டு எண்களே விளக்கும். 2019ஆம் ஆண்டில் இலங்கையின் வேலையின்மை வீதம் ஐந்துக்குக் குறைவாகவே இருந்தது. அதே ஆண்டில் ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர் ஊழியப் படையில் இருக்க, பெண்களுள் 34 பேர் அளவினரே அதனுள் இருந்தனர். பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தொழிலகங்கள் பல முடங்கின. அவ்வாண்டிலுங்கூட வேலையின்மை வீதம் ஐந்தைத் தாண்டவில்லை. மாறாக, பெண்களின் பங்குபற்றல் 32 அளவுக்குத் தாழ்ந்தது. வேலையின்மை வீதத்தை மட்டும் நோக்கியவர்க்கு அவ்வாண்டின் இடர் கண்ணிற் படாது.

இவ்விடத்து ஒரு பழைய நினைவு பொருத்தமானது. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கையின் தொழில் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே அன்று முதன்மைச் சிக்கலாகக் கருதப்பட்டது. அன்று கண்முன் நின்றவர் தொழில் கேட்டு நின்றவர். இன்று நாம் பேசுவதோ கேட்பதையே நிறுத்தியவரைப் பற்றியும், என்றும் கேளாதவரைப் பற்றியுமாகும்.

ஏன் வெளியே நிற்கின்றனர்?

ஊழியப் படைக்கு வெளியே உள்ள அனைவரையும் உள்ளே இழுத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. கற்போர் கற்றல் வேண்டும். முதியோர் ஓய்தல் வேண்டும். வீட்டில் குழந்தையையும் நோயாளியையும் பேணுவோர் உழைப்பின்றி இருப்போருமல்லர். ஊதியமின்றி உழைப்போர் அவர். ஆகவே கொள்கை வகுப்போர் கேட்கவேண்டிய வினா, ‘இவர் ஏன் உழைக்கவில்லை?’ என்பதன்று, ‘தொழில் செய்ய விரும்பின் இவரைத் தடுப்பது யாது?’ என்பதேயாகும்.

தடைகள் பெரும்பாலும் நால்வகையின. முதலாவது, தொழிலுக்குச் செல்வதால் கையில் எஞ்சுவது சொற்பமாதல். இரண்டாவது, வீட்டுப் பொறுப்பைப் பகிர ஆளின்மை. மூன்றாவது, நோயும் உடற்குறையும் உளத்தளர்வும். நான்காவது, வாழும் ஊரில் தொழிலே இல்லாமை.

முதலாவதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். மாதம் 40,000 ரூபா தரும் தொழிலொன்று ஒரு தாய்க்குக் கிடைக்கின்றதெனக் கொள்வோம். பேருந்துக் கட்டணம் 6,000. குழந்தையைப் பார்ப்பவருக்கு 15,000. உடை, உணவு முதலிய மேலதிகச் செலவு 4,000. எஞ்சுவது 15,000. குடும்பத்துக்குக் கிடைத்துவந்த 10,000 ரூபா நலன்புரிக் கொடுப்பனவு அவளது வருமானத்தைக் காரணங்காட்டி நிறுத்தப்படுமாயின் எஞ்சுவது 5,000. மாதம் முழுதும் உழைத்து 5,000 ரூபா பெறுவதினும் வீட்டில் இருப்பதே மேலென அவள் முடிவு செய்வாளாயின் அதனைச் சோம்பல் என்பார் கணக்கறியாதார். பொருளியலார் இதனை உதவி மீளப்பெறலால் விளையும் மறைமுக வரி எனக் கொள்வர்.

முதலாம் வழி: ஊதியத்துக்கு மேல் ஊக்கம்

இக்கணக்கை மாற்றியமைக்க முயன்ற திட்டங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் உழைப்பு வருமான வரிச்சலுகை குறிப்பிடத்தக்கது. 1975இல் சிறு அளவில் தொடங்கிய இத்திட்டம், பிள்ளைகளையுடைய உழைப்பாளி ஈட்டும் முதல் 4,000 டொலருக்கு நூற்றுக்குப் பத்து வீதமாக, உச்சமாக 400 டொலரை அரசே மேலதிகமாக வழங்க வகை செய்தது. செலுத்தவேண்டிய வரியிலும் சலுகை கூடுமாயின் எஞ்சியது கையிற் பணமாகக் கிடைக்கும். 1986, 1990, 1993 ஆகிய ஆண்டுகளில் அது விரிவாக்கப்பட்டது. பொதுவான நிவாரணத்தினின்றும் இது வேறுபடுவது ஒரு நுட்பத்திலாகும்: உழைக்காதவருக்கு இதனால் ஒரு சதமும் இல்லை, உழைக்கத் தொடங்கும் முதற் டொலரிலிருந்தே உதவி வளர்கின்றது. 1986ஆம் ஆண்டு விரிவாக்கத்தின் பின் தனித்து வாழும் தாய்மாரின் ஊழியப் பங்குபற்றல் உயர்ந்தது என நாடா ஈசா, ஜெவ்ரி லீப்மன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அண்மைக் காலத்தில் ஹென்ரிக் கிளெவன் என்பார் இம்முடிபை மீளாய்ந்து, 1990களில் நிகழ்ந்த உயர்வின் பெரும்பகுதி செழிப்பான பொருளாதாரத்துக்கும் அக்காலத்து நலன்புரிச் சீர்திருத்தத்துக்கும் உரியது என வாதிட்டுள்ளார். விவாதம் முடிந்துவிடவில்லை.

இத்தகைய விவாதத்தைத் தவிர்ப்பதற்காகவே கனடா 1990களில் ஒரு பரிசோதனையை நிகழ்த்தியது. நியூ பிரன்சுவிக், பிரிட்டிசு கொலம்பியா ஆகிய மாகாணங்களில் ஓராண்டும் அதற்கு மேலும் அரச உதவியில் வாழ்ந்த தனிப் பெற்றோர் ஆயிரக்கணக்கானோரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு, ஓராண்டுக்குள் வாரம் முப்பது மணி நேரத் தொழிலொன்றைப் பெற்று உதவியை விட்டு நீங்கின் மூன்றாண்டு வரை ஊதியத்துக்கு மேலதிகமாகப் பெருந்தொகை தரப்படும் என அறிவித்தனர். மற்றைக் குழுவினருக்கு எதுவும் அறிவிக்கவில்லை. உச்சநிலையில் முதற் குழுவில் முழுநேரத் தொழில் செய்தோரின் பங்கு மற்றைக் குழுவினதைப் போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. எனினும் அழைப்புப் பெற்றோருள் மூன்றிலொரு பங்கினரளவே அதனைப் பயன்படுத்த இயன்றது. மூன்றாண்டு முடிந்து உதவி நின்றபின் இரு குழுவினருக்கும் இடையிலான வேறுபாடு படிப்படியாக அருகி மறைந்தது.

இப்பரிசோதனை இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. பணத்தூண்டல் மெய்யாகவே மக்களைத் தொழிலுக்கு நகர்த்தும் என்பது ஒன்று. தொழிலுக்குச் சென்ற மாத்திரத்தே ஒருவர் மேல்நிலைக்கு ஏறிவிடுவார் என்ற நம்பிக்கை தவறு என்பது மற்றொன்று. ஒப்பிடுவதற்கு இரண்டாம் குழு இல்லாதிருப்பின் இன்னுமொரு பிழையும் நேர்ந்திருக்கும்: எவ்வுதவியுமின்றித் தாமாகவே தொழில் தேடிக்கொண்டவர்களையும் திட்டத்தின் வெற்றியாகக் கணக்கிட்டிருப்பர்.

இரண்டாம் வழி: நிபந்தனையும் நெருக்குதலும்

உழைத்தாலன்றி உதவியில்லை என்பது இரண்டாம் வழி. 1935 முதல் வறிய தாய்மாருக்கு உதவிவந்த ஐக்கிய அமெரிக்கத் திட்டம் 1996 ஓகஸ்டில் நீக்கப்பட்டு, புதிய தற்காலிக உதவித்திட்டம் வந்தது. அதன்படி மத்திய அரசின் நிதியைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ்நாளில் அறுபது மாதங்களுக்கு மேல் உதவி பெறுதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. தொழில் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. உதவி பெறுவோர் தொகை சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் வீழ்ந்தது. தனித்து வாழும் தாய்மார் பலர் தொழிலிலும் சேர்ந்தனர். ஆனால் உதவியை இழந்தோர் அனைவரும் தொழில் பெற்றிலர். இரண்டும் இன்றி நின்றோர் தொகையும் பெருகிற்று. பெயர்ப்பட்டியல் சுருங்குவது வேறு, வாழ்வு உயர்வது வேறு என்பதை அது தெளிவுறுத்திற்று.

இதனிலும் தெளிவான சான்று ஆர்கன்சோ மாநிலத்தினது. 2018 ஜூனில் அங்கு வறியோருக்கான மருத்துவக் காப்புறுதி பெறும் உழைக்கும் வயதினர் சிலர் மாதம் எண்பது மணி நேரம் உழைத்ததை அரசுக்கு அறிவித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. சில மாதங்களுள் 18,000க்கு மேற்பட்டோர் காப்புறுதியை இழந்தனர். 2019இல் வெளியான ஆய்வு, அவ்விதியால் தொழில் செய்வோர் தொகை கூடியதற்குச் சான்றில்லை எனக் கண்டது. காரணம் எளிது. அவ்விதிக்கு உட்பட்டோருள் மிகப்பெரும்பாலோர் முன்பே உழைத்துக்கொண்டிருந்தனர், அல்லது விலக்குப் பெறும் தகுதியுடையராயிருந்தனர். அவர்கள் தவறியது உழைப்பில் அன்று; அறிவிக்கும் முறையிலாகும். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதனை நிறுத்திற்று. இருந்தும் 2025 ஜூலையில் ஐக்கிய அமெரிக்கா இதனையொத்த நிபந்தனையை நாடளாவிய சட்டமாக்கியுள்ளது.

நிபந்தனைகள் யாவும் தீயன என நாம் கூறவில்லை. உதவியாளர் ஒருவர் இரு கிழமைக்கொரு தரம் சந்தித்து, விண்ணப்பத்தை நோக்கி, அடுத்த படியைக் கூறும் ஏற்பாடு பல நாடுகளில் தொழில் தேடுவோருக்குப் பயன் தந்துள்ளது. ஆயின் தண்டனை விரைந்தும் உதவி தாமதித்தும் வருமிடத்து, மிகவும் நலிந்தவரே முதலில் வெளியே தள்ளப்படுகின்றனர்.

மூன்றாம் வழி: சேவைகள்

தடையை அகற்றுவதே மூன்றாம் வழி. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பை வழங்கத் தொடங்கியது. இரு பெற்றோருள்ள குடும்பங்களில் சிறு குழந்தைகளையுடைய தாய்மாரின் தொழில் பங்குபற்றல் அதன் விளைவாக நூற்றுக்கு ஏழெட்டு அளவில் உயர்ந்ததென 2008இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வு, குழந்தைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் சில தாழ்வுகளையும் கண்டது. இடங்களை விரைந்து பெருக்கும்போது தரம் பின்தங்கிவிடலாகாது என்பது இதனால் பெறப்படும் எச்சரிக்கையாகும்.

கடும் உளநோய்க்கு ஆளானோர் விடயத்தில் பழைய கொள்கை, முதலில் பயிற்சி, பின்னர் பாதுகாப்பான பயிற்சிக்கூடம், இறுதியில் தொழில் என்பதாக இருந்தது. பலர் இறுதிப் படியை அடைந்ததே இல்லை. 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்ஷயரில் டெபொரா பெக்கர், ரொபர்ட் டிரேக் ஆகியோர் இம்முறையைத் தலைகீழாக்கினர். முதலில் சாதாரணத் தொழிலில் அமர்த்துதல், பின்னர் அவ்விடத்திலேயே தொடர்ந்து துணைநிற்றல் என்பது அவர்களின் முறை. ஐரோப்பிய நகரங்கள் ஆறில் 312 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிபு 2007இல் வெளியாயிற்று. இம்முறைக்கு உட்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு நாளாயினும் தொழில் செய்தனர். வழக்கமான பயிற்சிக்கு உட்பட்டோருள் நாலிலொரு பங்கினரை விடச் சற்று மிகுந்தோரே தொழில் செய்தனர். ‘இவரால் இயலாது’ என்ற தீர்ப்பு பல வேளைகளில் நோயாளியின் இயலாமையைக் காட்டிலும் திட்டத்தின் இயலாமையையே குறித்தது என்பதை இது உணர்த்துகின்றது.

நான்காம் வழி: தொழிலையே கொணர்தல்

மேற்கூறிய மூன்று வழிகளும் தொழில் எங்கோ உள்ளது, ஆளை அதனிடம் அனுப்பவேண்டும் என்ற எடுகோளை அடிப்படையாக உடையன. தொழிலே மறைந்த ஊரில் அவை என் செய்யும்? 1984-85 வேலைநிறுத்தத்தின் பின் பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயினும் சுரங்க ஊர்களில் பதிவான வேலையின்மை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீபன் பொதர்கில் ஆகியோர் ஆராய்ந்து கண்டது, தொழிலிழந்த ஆடவர் பெருந்தொகையினர் நோயாளர் உதவிப் பட்டியலுக்குள் சென்றுவிட்டனர் என்பதாகும். அவர் நோய் பொய்யன்று; சுரங்கத்தில் உழைத்த உடல் நலிவுற்றதே. ஆனால் தொழில் வளமுள்ள ஊரில் அதே நலிவுடையோர் தொழிலில் இருந்தனர். இவ்வாறு இயலாமை உதவி பெறுவோர் தொகை நாடு முழுதும் 1970களின் இறுதியில் பத்து இலட்சத்துக்குக் குறைவாக இருந்து, 2000களின் தொடக்கத்தில் இருபத்தைந்து இலட்சத்தைக் கடந்தது. 2008இல் புகுத்தப்பட்ட கடுமையான தகுதிச் சோதனை பலரது உதவியை மறுத்தது. மேன்முறையீட்டில் அம்முடிவுகளுட் பல மாற்றப்பட்டன. சோதனையை எத்துணைக் கடுமையாக்கினும் மூடிய சுரங்கம் திறக்கப்போவதில்லை.

தொழிலை ஊருக்கே கொணர்ந்தமைக்கு இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் கிராமிய வேலை உறுதிச் சட்டம் எடுத்துக்காட்டாகும். ஆண்டுக்கு நூறு நாள் வேலையைக் கிராமக் குடும்பங்களுக்கு அது உரிமையாக்கிற்று. பெண்களுக்கு மூன்றிலொரு பங்கினை ஒதுக்கிற்று. நடைமுறையில் நாடளாவிய வேலைநாட்களில் பாதிக்கு மேற்பட்டவை பெண்களுடையனவாயின. தமிழ்நாட்டில் அது பத்துக்கு எட்டையும் விஞ்சிற்று. காரணத்தை அச்சட்டத்தின் விதிகளிலேயே காணலாம். வேலைத்தலம் ஐந்து கிலோமீற்றருக்குள் அமைதல் வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் உடன்வரின் அவர்களைக் கவனிக்க ஒருவரை அமர்த்துதல் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தூரம், குழந்தை, கூலி என்னும் மூன்று தடைகளும் ஒருசேர நீங்கியவிடத்துப் பெண்கள் தாமாகவே வந்தனர்.

எமது நாட்டுக்குப் பொருந்துமாறு

இவ்வழிகளை எமது நாட்டில் அவ்வாறே நாட்டிவிட இயலாது. வருமான வரிச்சலுகை வழியாக ஊதியத்தை உயர்த்துதற்கு உழைப்போர் பெரும்பாலோர் வரிப்பதிவில் இருத்தல் வேண்டும். இலங்கையின் உழைப்பாளருட் பெரும்பகுதியினர் முறைசாராத் துறையைச் சார்ந்தோர். அவர் வருமானத்தை அளக்கும் கருவி அரசிடம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி 1958 முதலும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980 முதலும் உள்ளனவெனினும், அவை முதுமைக்கும் பிரிவுக்குமான சேமிப்பே. தொழிலிழந்தவர் அடுத்த தொழில் தேடும் காலத்தைத் தாங்கும் முறையான காப்புறுதியாக அவற்றைக் கொள்ளல் இயலாது.

எனவே எமக்கு உகந்தவை மூன்றாம், நான்காம் வழிகளே எனலாம். அவற்றுக்கு முன்மாதிரியை வெளியே தேடவேண்டியதுமில்லை. நாட்டின் நகர், கிராம, தோட்டத் துறைகள் மூன்றனுள் பெண்களின் பங்குபற்றல் மிகுந்திருப்பது தோட்டத்துறையிலேயே. அங்கு தொழில் குடியிருப்பின் அருகே உள்ளது. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைமடுவம் உள்ளது. இது கருணையால் விளைந்ததன்று. பெண்ணின் கைகள் இன்றித் தேயிலை இல்லை என்பதால் விளைந்தது. அங்கு நிலவும் குறைந்த கூலியையும் லயத்து வாழ்வையும் நாம் மறந்துவிடவில்லை. பங்குபற்றல் மிகுதி வாழ்வின் செழிப்பைக் குறிக்காது என்பதற்கும் அதே தோட்டமே சான்று. ஆயினும் குழந்தைப் பராமரிப்பும் அண்மையும் இருப்பின் பெண்கள் தொழிலுக்கு வருவர் என்ற பொருளியல் உண்மையை அது ஐயமற நிறுவுகின்றது. பிள்ளைமடுவம் தோட்டத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவேண்டுவதேன்? அரச அலுவலகத்துக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும், சந்தைக்கும் அது ஏன் உரியதாகலாகாது?

மற்றொரு தடை சட்டத்தினுள்ளேயே மறைந்துள்ளது. தனியார் துறையில் மகப்பேற்று விடுமுறை ஊதியத்தைத் தொழில்கொள்வோரே தரவேண்டியுள்ளது. எல்லாப் பிள்ளைப்பேறுக்கும் 84 நாள் விடுமுறை என 2018இல் சமப்படுத்தியமை நீதியானதே. ஆயின் செலவு முழுதும் ஒரு நிறுவனத்தின் தலையில் விழுமிடத்து, அந்நிறுவனம் இளம்பெண்ணை அமர்த்தவே தயங்குகின்றது. இச்செலவை அரசும் தொழில்கொள்வோரும் பொது நிதியொன்றன் வழியாகப் பகிர்ந்துகொள்வதே தக்கது. பெண்ணுக்குத் தந்த உரிமை அவளுக்கே தடையாவது அதனாலேயே நீங்கும்.

உடற்குறையுடையோர் விடயத்தில் அரச சேவையில் நூற்றுக்கு மூன்று இடத்தை ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 முதல் உண்டு. உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996 முதல் உண்டு. ஏட்டில் உள்ளது அலுவலகத்துக்கு வந்து சேராமைக்குப் படிக்கட்டும் பேருந்தும் காரணமாகின்றன. போரில் அவயவம் இழந்தோர் பலர் வாழும் வடக்கு, கிழக்கில் இது சிறுவிடயமன்று. பயிற்சிச் சான்றிதழ்களை வழங்கி விழா நடத்துவதினும், ஒருவரை ஒரு தொழிலில் அமர்த்தி ஓராண்டு அவருடன் துணைநிற்பது பயன் மிக்கது என்பதையே மேலே கண்ட பரிசோதனை உணர்த்திற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. உழைப்பினால் கையில் எஞ்சுவது போதுமானதாயின் பலர் வருவர். நெருக்குதல் பட்டியலைச் சுருக்கும், தொழிலைப் பெருக்காது. தடையை இனங்கண்டு அகற்றும் சேவை செலவு மிக்கது. ஆயினும் நிலைத்த பயன் தருவது. தொழில் இல்லாத ஊரில் இவை யாவும் துணைநிற்குமேயன்றித் தாமே தொழிலாகா.

எத்திட்டமாயினும் அதனை அளக்கும் கோல் எதுவென்பதே முடிந்த முடிபாக எஞ்சும் வினா. உதவிப் பட்டியலினின்றும் எத்தனை பெயர் நீங்கின என்று எண்ணுவது எளிது. அரசுகள் பெரும்பாலும் அதனையே எண்ணுகின்றன. நீங்கியவர் ஈராண்டின் பின் எங்குள்ளார், என்ன ஊதியம் பெறுகின்றார், அவர் குழந்தையை யார் பார்க்கின்றார் என்று எண்ணுவது கடினம். அக்கடின எண்ணிக்கையை மேற்கொள்ளாத வரை, வெளியே நிற்போரை உள்ளே அழைத்தோமா, அன்றி இன்னும் தொலைவுக்குத் துரத்தினோமா என்பதை நாம் அறியப்போவதில்லை. எமது பல்கலைக்கழகங்களின் பொருளியல், சமூகவியல் மாணவர் இவ்வெண்ணிக்கையைத் தத்தம் கிராமங்களில் தொடங்குவராயின் அது பயனுள்ள ஆய்வாக மட்டுமன்றி நாட்டுக்குச் செய்யும் தொண்டாகவும் அமையும்.